கோஷம் போட மட்டும்

இலங்கை மலையகத் தோட்டத் தமிழரான எங்கள் பிரஜாவுரிமை பறிபோன பின் வந்த தேர்தல் சமயம். நோர்வூட்டிலிருந்து ஹட்டனுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர் இருந்தார்கள். மூத்தவள் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னைக் கவனிக்க வைத்தது.

"ஓட்டப் பிடுங்கிட்டு, இப்ப தொண்டையக் கேக்குறாங்க, தங்கச்சி."

"யாருக்கா?"

"எங்க தோட்டத்த வாங்குன முதலாளிதான். தேர்தல்ல நிக்கிறாரு. கோஷம் போடச் சொல்லி எங்களையெல்லாம் லொறியில ஏத்திக் கூட்டத்துக்குக் கொண்டு போனாங்க. மேடையில நின்னு, சுதந்திரம் எல்லாருக்கும் பொதுன்னாரு."

"நீங்க சும்மாவா இருந்தீங்க?"

"எந்திரிச்சுக் கேட்டேன். 'ஐயா, போன தேர்தல்ல நானும் ஓட்டுப் போட்டேன். இங்கயே பொறந்த எனக்கு இப்ப ஓட்டு இல்ல. அக்கரை இந்தியாவுலேர்ந்து வந்த உங்களுக்கு இருக்கு. காசு இருந்தாத்தான் இது சொந்த நாடா'ன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. மறுநாள் காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுல என் பேர மட்டும் கூப்பிடல. வேலையில்லன்னு பத்துச்சீட்டக் கையில குடுத்து, லயத்து வீட்டையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. மன்னிப்புக் கேட்டா திரும்ப எடுப்பாங்களாம்."

"கேட்டீங்களா?"

"நான் கேட்ட கேள்விக்கே இன்னும் பதில் வரல. மன்னிப்பு எதுக்கு?"

ஹட்டனில் அவள் தன் பாத்திர மூட்டையைத் தூக்கியபோது இளையவள் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

"நாளைக்கு அந்த முதலாளி கூட்டத்துக்கு ஆள் ஏத்த எங்க தோட்டத்துக்கும் வர்றாங்கக்கா. அங்க நானே எந்திரிச்சு அதே கேள்வியக் கேக்குறேன்."