பதினொரு தலையும் எண்ணாமல் மின்சாரம் விடாத போர்மேன் அண்ணனுக்கு

புயலுக்கும் அசையாத புருவமே! பொறியாளருக்கும் பணியாத பிடிவாதமே! கம்பத்தைக் கண்டால் களைப்பை மறக்கும் கால்களே! "ஒன்னு" என்று தொடங்கிப் "பதினொன்னு" என்று முடிப்பதற்குள் எங்கள் உயிரை வாங்கிய உத்தமரே! எங்கள் மின்பிரிவு அலுவலகத்தின் போர்மேன் அண்ணனே, வணக்கம்.

பணி ஓய்வுப் பாராட்டு மடலில் குறை சொல்லக் கூடாது என்கிறார் ஸ்டோர்கீப்பர். அவர் கிடங்கில் மின்விசிறிக்கு அடியில் இருந்தவர். தங்களின் முப்பத்திரண்டு ஆண்டுப் பணியில் தங்களோடு அல்லாடியவர்கள் நாங்கள். ஆகவே சொல்லித்தான் தீருவோம்.

முதல் குறை, தங்கள் தன்னார்வம். எங்கோ ஒரு கரையில் புயல் அடித்துக் கம்பங்கள் சாய்ந்தால், மற்ற அலுவலகங்களில் விருப்பமுள்ளோர் பெயர் கொடுப்பார்கள். இங்கோ, சுற்றறிக்கை வருவதற்கு முன்பே எங்கள் பதினொரு பேர் பெயரும் தங்கள் கோணல் எழுத்தில் அறிவிப்புப் பலகையில் தொங்கும். "யாரைக் கேட்டு எழுதினீங்க?" என்றால், "வராதவன் தன் பேரை அடிச்சுக்கலாம், பேனா அங்கேயேதான் தொங்குது" என்பீர்கள். ஒன்பது புயல்களிலும் அந்தப் பேனாவைத் தொடும் துணிச்சல் எங்களில் ஒருவனுக்கும் வரவில்லை. அதில் மை இருந்ததா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

இரண்டாவது குறையைச் சொல்லச் சொன்னவர் தங்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கும் அண்ணி. ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்த பெருந்தகையின் வீட்டு வாசல் விளக்கு எட்டு மாதமாக எரியவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, அண்ணி நம் அலுவலகப் புகார்ப் புத்தகத்திலேயே மூன்று முறை எழுதிவிட்டார். மூன்றுக்கும் எதிரே "பார்க்கப்படும்" என்று தாங்களே கையெழுத்திட்டிருக்கிறீர்கள்!

மூன்றாவதுதான் பெருங்குறை. தலை எண்ணுவது! வேலை முடிந்தால் மற்றவர்கள் சுவிட்சைப் போடுவார்கள். தாங்களோ சுவிட்சைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு டிரான்ஸ்பார்மர் அடியில் நிற்பீர்கள். பதினொருவரும் எத்தனை தொலைவில் இருந்தாலும் நடந்து வந்து, முகத்தைக் காட்டி, அவரவர் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் செல்லாது. லாரிக்கு அடியில் அசந்து தூங்கிய நான்காம் எண்ணுக்காக ஒரு ஊரே ஒரு மணி நேரம் வியர்வையில் நனைந்தது. வயிற்றைக் கலக்கிப் புதர்ப்பக்கம் போன பத்தாம் எண்ணை, மக்கள் கூட்டமே கூவிக் கூவி அழைத்தது. அந்த மானக்கேட்டை அவன் இன்றுவரை மறக்கவில்லை.

இந்த இடத்தில் "நாங்கள்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இந்த மடலை எழுதும் நான் ஏழாம் எண்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், ஒரு கடலோர ஊரில் நான்காம் நாள் உச்சி வெயில். குடிநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று ஜனங்கள் குடங்களோடு டிரான்ஸ்பார்மரைச் சுற்றி நெருக்கிக்கொண்டிருந்தார்கள். நான் வேலை பார்த்த கடைசிக் கம்பம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால். "இவர் தலை எண்ணுறதுக்காக நான் நடந்து சாகணுமா? என் நம்பரையும் நீயே சொல்லிடு" என்று எட்டாம் எண்ணிடம் சொல்லி அனுப்பிவிட்டு நிழலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் மேலே கம்பியை இறுக்கும் ஒரு கிளாம்பை முடுக்காமல் விட்டது நினைவுக்கு வந்தது. அவசரமாக மறுபடி ஏறினேன்.

அங்கே டிரான்ஸ்பார்மர் அடியில் எட்டாம் எண், கூட்டத்தின் மறைவில் நின்று, தொண்டையைக் கனைத்து "ஏழு" என்றான். பிறகு தன் குரலில் "எட்டு" என்றான். கணக்கு சரியாகப் பதினொன்றில் முடிந்தது. "எல்லாரும் சொல்லியாச்சு, போடுய்யா!" என்று பொறியாளர் கத்தினாராம். "குரல் வந்துச்சு சார். ஆள் எங்கே?" என்றீர்களாம் தாங்கள். ஜனங்கள் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பொத்தான்கள் தெறித்தன. சாவியைத் தராமல், கிழிந்த சட்டையோடு அந்த ஒரு கிலோமீட்டரையும் நடந்து வந்தீர்கள்.

நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தேன், அண்ணே.

நீங்கள் திட்டவில்லை. "இறங்கி வந்து நம்பரைச் சொல்லு" என்றீர்கள். இறங்கி நின்று "ஏழு" என்றேன். "கேக்கல" என்றீர்கள். இன்னொரு முறை சொன்னேன். அப்போது என் மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. அந்தக் குழந்தைதான் இப்போது அண்ணி மடியில் உட்கார்ந்து உங்கள் மாலையிலிருந்து பூவைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள்.

நேற்று மீண்டும் ஒரு கரையில் புயல் அடித்திருக்கிறது. ஏணியும் கயிறும் ஏற்றிய லாரி வாசலில் நிற்கிறது. இம்முறை எங்கள் பெயரைத் தாங்கள் எழுதவில்லை. பதினொருவரும் நாங்களே எழுதினோம். பேனாவில் மை இருந்தது. ஆனால் இன்று காலை பார்த்தால், பன்னிரண்டாவதாக அதே கோணல் எழுத்தில் ஒரு பெயர்! இன்றோடு ஓய்வு என்பதால் பொறியாளர் அதை அடித்துவிட்டார். அதிலிருந்து மாலையும் கழுத்துமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறீர்கள். போதும், அண்ணே. சாவி இனி எட்டாம் எண்ணின் இடுப்பில் இருக்கும். பொய்க்குரல் எப்படி இருக்கும் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் இங்கே யாருமில்லை.

நோய் அண்டாத உடலும், குறையாத இந்தப் பிடிவாதமும், அண்ணியின் பொறுமையும் பெற்றுப் பல்லாண்டு வாழ்க! நாளைக்கே அந்த வாசல் விளக்கைச் சரிசெய்யுங்கள். புயல் வேலை முடிந்ததும் லாரி நேரே தங்கள் வாசலுக்குத்தான் வரும். அந்த வெளிச்சத்தில் எங்களை நிறுத்தி, ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணுங்கள். தாங்கள் எண்ணி முடிக்கும்வரை ஒருவனும் வீட்டுக்குப் போக மாட்டோம்.

இப்படிக்கு,
ஒன்று முதல் பதினொன்று வரை,
அவரவர் நேரில் நின்று கையெழுத்திட்டது.
ஏழுக்கும் ஏழேதான் இட்டான்.