ஈரத் தலை

காலை ரயிலில் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். டிபன் பையை மடியில் வைத்திருந்தவள் பெட்டிக்கே கேட்கிற குரலில் சொன்னாள்: “என் பொண்ணு ஜெயிச்சிருப்பாக்கா. நான்தான் கெடுத்துட்டேன்.”

“இன்னாடி பண்ண?”

“யூனிவர்சிட்டி போட்டிக்கா. ஏரியில நீஞ்சணும், உடனே சைக்கிள் மிதிக்கணும், அப்புறம் ஓடணும். அதுக்குன்னே ஒரு வருஷமா தினம் விடிகாலையில பூதிகோட்டை வரைக்கும் மிதிச்சுட்டு வந்தா. ஏரியில இருந்து இவதான் முதல்ல ஏறினா. தலை சொட்டச் சொட்ட சைக்கிளாண்ட ஓடறா. சளி புடிச்சுக்குமேன்னு கயித்தைத் தாண்டிப் போய் முந்தானையால தொவட்டி வுட்டுட்டேன்.”

“அதுல இன்னா தப்பு?”

“வெளியாளுங்க கை வைக்கக் கூடாதாம். விசில் ஊதி நிறுத்திட்டாங்க. ‘இந்தம்மா யாரு, உனக்குத் தெரிஞ்சவங்களா?’ன்னு ஒரு சார் கேட்டாரு. யாரோ எவரோன்னு சொல்லியிருந்தா ஓட வுட்டுருப்பாங்க. தெரியாதுன்னு சொல்லும்மான்னு கோச்சும் பின்னால நின்னு கண்ணைக் காட்டறாரு.”

“இவ இன்னா சொன்னா?”

அவள் முந்தானையை இழுத்துத் தோளில் சரிசெய்துகொண்டாள்.

“அத்தினி பேர் எதிர்ல என் கையைப் புடிச்சுக்கினு, ‘எங்கம்மா சார்’ன்னாக்கா.”