மஞ்சள் ரிப்பன் கட்டிய மரங்கள்

தேநீரில் சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்துப் போடுவதுதான் என் வழக்கம். குடிக்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்பார்கள் அல்லவா, அதற்காக.

மலைமேல் இருக்கும் தங்கும் குடிலுக்கு நான் பதினோரு வருடமாகக் காவல்காரன், அதிகாரி ஐயா. குளிர்காலத்தில் பனி விழுந்து காட்டுப் பாதை மூடிக்கொள்ளும். அதனால் மரங்களில் மஞ்சள் ரிப்பன் கட்டிவைப்பேன். ஒன்றைத் தாண்டியதும் அடுத்ததைத் தேடிப் பிடித்து எல்லாரும் பத்திரமாக இறங்கிவிடுவார்கள். என் முகம் ஒருவருக்கும் நினைவிருக்காது.

அந்தத் தபால்காரர் பணி ஓய்வு பெற்ற கையோடு தனியாக மலையேற வந்தவர். பேச்சென்றால் அப்படியொரு பேச்சு. தெருநாய்களுக்குப் பயந்து முப்பது வருடம் காலைத் தூக்கிக்கொண்டே சைக்கிள் ஓட்டிய கதையைச் சொன்னார். வயிறு வலிக்கச் சிரித்தேன். எனக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே மறந்துபோயிருந்தது.

மறுநாள் காலையில் பையை மாட்டிக்கொண்டார்.

“இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போங்களேன் அண்ணே.”

“பொண்ணு கீழ காத்துக்கிட்டு இருப்பா தம்பி. இன்னொரு தடவ வர்றேன்.”

இன்னொரு தடவை என்று சொல்லிவிட்டுப் போன யாரும் திரும்பி வந்ததில்லை.

அவர் போனது சுற்றுப்பாதை. நான் குறுக்கு வழியில் முந்திப் போய், ஒன்பது ரிப்பன்களை அவிழ்த்து, வழி மறுபடியும் குடிலுக்கே வரும்படி கட்டினேன். மதியம் திரும்பி வந்து, என்னப்பா உன் பாதை என்று சலித்துக்கொள்வார், இரண்டு பேரும் சிரிப்போம் என்று நினைத்தேன். அவருக்கும் சேர்த்தே சமைத்தேன். பாத்திரத்தில் சோறு அப்படியே இருந்ததை நீங்களே பார்த்தீர்கள்.

ஆனால் பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. கடைசி ரிப்பன்கள் அவர் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. பள்ளத்தில் விழுந்து கால் முறிந்து கிடந்தார் என்பது நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

அவரிடம் விசில் கொடுத்து அனுப்பியவன் நான்தான். வழி தப்பினால் ஊதுங்கள், வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். பதினோரு மணிக்கு முதல் தடவை ஊதினார். பொழுது சாயும்வரை ஊதினார். எதுவும் காதில் விழவில்லை என்று உங்களிடம் முதலில் சொன்னது பொய்.

ஏன் போகவில்லை என்று கேட்கிறீர்கள். கதவருகே நாற்காலியைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் என்னை ஒருவரும் அவ்வளவு நேரம் கூப்பிட்டதில்லை, ஐயா. நான் போயிருந்தால் கூப்பிடுவதை நிறுத்தியிருப்பார்.