நூறு ஃபேக்டோரியலுக்கு ஒரு பெண்

ஜாதிரா: ஃபோனைக் குப்புற வை. கால்குலேட்டர் கூடாது.

எர்போலாத்: வச்சாச்சு தாயே. கேள்வியை இன்னொரு தடவை சொல்லு.

ஜாதிரா: நூறு ஃபேக்டோரியல். ஒண்ணுலேர்ந்து நூறு வரைக்கும் மொத்தத்தையும் பெருக்கு. வர்ற இலக்கத்தையெல்லாம் கூட்டு. வந்ததை மறுபடி கூட்டு. கடைசியா ஒத்தை இலக்கம் நிக்கும்ல, அது என்ன?

எர்போலாத்: அடிப்பாவி! நூத்தம்பத்தெட்டு இலக்கம் வருமே!

ஜாதிரா: அதெப்படி சட்டுனு சொல்ற?

எர்போலாத்: சும்மா... ஒரு குத்துமதிப்புதான்.

ஜாதிரா: சரியா சொன்னா ஞாயித்துக்கிழமை உங்க வீட்டாளுங்க பொண்ணு கேட்டு வரலாம். தப்பாச்சுன்னா பௌர்சாக் பணியாரம் ரெண்டு தின்னுட்டு நடையைக் கட்டு.

எர்போலாத்: ஏய், ஏய்... டீக் கிண்ணத்தை ரொப்பாதே! விருந்தாளிக்குக் கிண்ணம் நிறைச்சா கிளம்புன்னுதானே நம்ம ஊர்ல அர்த்தம், இப்பவே வெளிய போங்கிறியா?

ஜாதிரா: ஐயோ, கை தவறிடுச்சுப்பா. இந்தா, பாதிதான். போடு கணக்கை.

எர்போலாத்: சின்னதுலேர்ந்து வரேன். நாலுக்கு இருபத்துநாலு... ரெண்டும் நாலும் ஆறு. அஞ்சுக்கு நூத்திருபது... மூணு. ஆறு, மூணு... ஆங்! விடை மூ—

ஜாதிரா: வாயை மூடு, அவசரக்குடுக்கை!

எர்போலாத்: ஏன், தப்பா?

ஜாதிரா: நான்... நான் ஒண்ணும் சொல்லல. அடுத்ததையும் பாரேன்னேன்.

எர்போலாத்: உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?

ஜாதிரா: டீ சூடு.

எர்போலாத்: சரி. ஆறுக்கு எழுநூத்திருபது... ஒன்பது. ஏழுக்கு அய்யாயிரத்து நாப்பது... ஒன்பது. எட்டுக்கு நாப்பதாயிரத்து முந்நூத்திருபது... அட, மறுபடியும் ஒன்பது!

ஜாதிரா: ஏனாம்?

எர்போலாத்: மூணையும் ஆறையும் பெருக்கினா பதினெட்டு. அதுக்குள்ள ஒன்பது உக்காந்திருக்கு. இனி எதால பெருக்கினாலும் ஒன்பதோட மடங்குதான். கூட்டிக்கிட்டே போனா ஒன்பதுலதான் வந்து நிக்கும்.

ஜாதிரா: மாத்த மாட்டியே?

எர்போலாத்: மாட்டேன். ஒன்பது! ஷிம்கென்ட்ல எங்கம்மா நம்ம வழக்கப்படி பொண்ணு வீட்டுக்கான ஒன்பது சீரும் கட்டி வச்சிட்டு உக்காந்திருக்காங்க.

ஜாதிரா: அப்பாடா...! வரச் சொல்லு. எங்கப்பா விருந்துக்கு நேத்தே ஆடு வாங்கிட்டார்.

எர்போலாத்: நேத்தேவா! நான் தோத்திருந்தா?

ஜாதிரா: அந்தப் பேச்சே எடுக்காதே.

எர்போலாத்: ஜாதிரா... ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? அந்த மூணு சும்மா. உன் முகம் எப்படிப் போகுதுன்னு பாக்கத்தான். இந்தக் கணக்கை போன வாரம் எட்டாம் வகுப்புக்கு நானே போர்டுல போட்டேன்.

ஜாதிரா: தெரியும்டா மண்டு! பக்கத்து வகுப்புல பாடம் நடத்தினது யாரு? நீ தோத்துடக் கூடாதேன்னுதான் உன் போர்டுலேர்ந்தே எடுத்தேன். அதுக்கும் நீ மூணுங்கிறியே... எனக்கு உசிரே போயிடுச்சு!