கன்னியம்மாவுக்குப் பூட்டு இல்லை

அடையாறில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். திருப்போரூர் போகிற பேருந்து. டிக்கெட் வாங்கியதும் மூத்தவர் சொன்னார்:

"கன்னியம்மாவப் பூட்டி வைக்கல. இனிமே எனக்குச் சோறு எறங்கும்."

"மியூசியத்துல நம்ம இருளர் சாமான்லாம் வச்சிருக்காங்கன்னு கேட்டதுலருந்து நீதானக்கா பயந்துகினு கெடந்த."

"எலி புடிக்கிற பானைய வைக்கட்டும், கெழங்கு தோண்டுற கம்பிய வைக்கட்டும். கன்னியம்மா சாமிய வைக்கலாமா? மாசி மகத்துக்குக் கடலோரம் மண்ணுல ஏழு படி கட்டிக் கும்புடுறோம். அலை வந்து கலைச்சாத்தான் அவ கடலுக்குள்ள வீடு போய்ச் சேருவா."

"மியூசியத்துலயும் மண்ணுலதான படி கட்டிருந்தாங்க."

"அதப் பாத்துட்டுத்தான் ராத்திரியெல்லாம் அவ இங்கியே கெடக்கணுமான்னு அங்க வேல பாக்குற பொண்ணாண்ட கேட்டேன். இல்லம்மா, சாயங்காலம் கதவு சாத்துறதுக்கு முன்ன நாங்களே ஒரு கொடம் தண்ணி ஊத்திக் கலைச்சிருவோம்னு சொல்லுச்சு."

இளையவர் அவர் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"காலைல?"

"திரும்பக் கட்டுவாங்க. நம்மள மாதிரி அவளும் தெனம் வேலைக்கு வந்துட்டு வீட்டுக்குப் போறா. திங்கக்கெழம லீவாம்."