மார்கழியில் மட்டும் அளந்த மணல்

பொங்கல் விழாவுக்குத் தலைமை தாங்கும் வைத்தீஸ்வரன் அவர்களே, கல்கத்தாவின் டாக்குரியாவிலிருந்தும் பாலிகஞ்சிலிருந்தும் குரங்குக் குல்லாவோடு குளிரை வென்று வந்திருக்கும் பெரியோர்களே, பந்தியையும் பார்த்துக்கொண்டு என்னையும் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்களே, வணக்கம்.

முப்பது ஆண்டுகள் செய்தி எழுதியவன், இன்று என் செய்தி ஒன்றைத் திருத்த வந்திருக்கிறேன்.

செல்வராஜை அறிவீர்கள். கரக்பூர் ரயில்வே பட்டறையில் ஓய்வு பெற்று, மேதினிப்பூர் கடற்கரையில் இட்லிக்கடை வைத்தவர். அங்கே எழுந்த கருங்கல் சுவர் அவர் கடைக்குச் சற்று முன்னே முடிகிறது. முடிந்த இடத்தில் கடல் நிலத்தை அரிக்கிறது. 'சுவரை இன்னும் நூறடி நீட்டுக' என்று சென்ற ஆடியில் ஒரு மனு எழுதினோம். இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது.

ஏன் போட்டேன்? சுவர் புதிதாக நின்ற மார்கழியில், அதன் அடியிலிருந்து அலை வரை நடந்து அளந்தேன். எண்பது தப்படி. 'சுவர் கடற்கரையைக் காத்தது' என்று எழுதினேன். நாம் எப்போது கடலுக்குப் போகிறோம்? பூஜை விடுமுறையில் போகிறோம். கமலா ஆரஞ்சு உரித்துக்கொண்டு மார்கழியில் போகிறோம். மழைக்காலத்தில் போனவர்கள் கை தூக்குங்கள்.

ஒரு கைகூட இல்லை. என் கையும் இல்லை.

மனுவோடு ஆவணியில் போனேன். நீர் வற்றும் நேரத்திலும் சுவரடியில் கால் வைக்க மணல் இல்லை. வந்த அலை சுவரில் மோதியது. மோதிய அலை மடங்கியது. மடங்கிய அலை மணலை வாரிக்கொண்டு போனது. போன மணல் எங்கே? பக்கத்தில் கருவாடு காயவைக்கும் மாலதி திதியை, வங்காளத்தில் அக்காவைத் திதி என்போமே, அவரைக் கேட்டேன். கடலுக்குள்ளே போய்ப் படுத்திருக்கிறது, மழை முடிந்தால் வரும் என்றார். எங்கே வரும்? அதை வந்து பார் என்றார்.

போன மாதம் பார்த்தேன். சுவரில்லாத கரை, மேற்கே ஒரு மைல். அங்கும் மழைக்காலத்தில் மணல் போயிருந்தது, ஆனால் திரும்பியிருந்தது. எண்பத்து நான்கு தப்படி. சுவருக்கு முன்னால்? முப்பத்தொன்று. அதே கடல், அதே மாதம், அதே கால்கள். சுவர் தன் பின்னாலிருக்கும் கட்டடத்தைக் காத்தது, மறுக்கவில்லை. முன்னாலிருக்கும் மணலைக் காத்ததா?

பின்வரிசையிலிருந்து என்ன சொல்கிறார் பட்டாபி? "அப்போ செல்வராஜ் கடை போகட்டுங்கறீரா?" நல்ல கேள்வி. ஆறு மாதமாக மனு என் பையில் தூங்குகிறது என்று செல்வராஜும் கோபித்தார். அளந்ததைச் சொன்னேன். கிழக்கே திரும்பிப் பார்த்தார்.

"நூறடி நீட்டினா என் கடை தப்பிச்சிரும். அதுக்கப்புறம் எங்க சார் அரிக்கும்?"

நூறடி தள்ளி மாலதி திதியின் கருவாட்டுப் பந்தல்.

"நாத்தம் தாங்கலன்னு தெனம் சண்டை போடுறேன். அதுக்காக அந்தம்மாவக் கடல்லயா தள்ளுறது? விடுங்க சார். நான் நகந்துக்கிறேன்."

அன்பர்களே, அலையோடு பழகிய கரை அலை வரும்போது பின்வாங்குகிறது, போகும்போது முன்னேறுகிறது. அதுபோலவே நகரத் துணிந்திருக்கிறார் ஒரு மனிதர். நிற்பது மட்டுமா வீரம்? நகர்வது வீரமில்லையா? மணல்மேட்டுக்குப் பின்னால், சாலையோரம் இடம் பார்த்துவிட்டார். தகரக் கூரையைப் பிரிக்க வேண்டும், அடுப்பைத் தூக்க வேண்டும். மழைக்கு முன் முடிய வேண்டும். அவருக்குத் தேவை கையெழுத்தல்ல, கை.

இதோ அந்த மனு. முதல் பெயரை நானே கோடு போட்டு அடிக்கிறேன். பேனாவை மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். உங்கள் பெயரை அடிக்க வருகிறவர்கள், எந்த ஞாயிற்றுக்கிழமை கூரை பிரிக்க வருவீர்கள் என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். பொறுமையாய்க் கேட்டீர்கள்; நன்றி. பால் பொங்கியதுபோல் கரையிலும் மணல் பொங்கட்டும். வணக்கம்.