சுவருக்கு மேல் வந்த பப்பாளி

தலைமை நாற்காலியில் வீற்றிருக்கும் வன்னியம்பட்டி விவசாயப் பெருந்தகை காசிராஜன் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து, 'இவன் எப்போது முடிப்பான்' என்று பார்த்திருக்கும் பெரியோர்களே! பெற்று வளர்த்துப் பேணிக் காக்கும் தாய்மார்களே! மில் சங்கு ஊதியதும் தலையில் ஒட்டிய பஞ்சோடு ஓடி வந்திருக்கும் தோழர்களே! இதே ராஜபாளையத்தில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லித்தரும் தேவஇரக்கத்தின் வணக்கம்.

இந்த வீட்டுத்தோட்ட விழாவிலே வாழையைப் பேசினார்கள், மாவைப் பேசினார்கள். பப்பாளியைப் பேச ஆளில்லை! ஏன்? காக்கை கொத்தும் பழம் என்ற கேவலமா? குப்பையில் முளைக்கும் மரம் என்ற இளக்காரமா?

"அது சூடுல்லா!" என்கிறார் அங்கே ஒருவர். ஐயா, நானும் அப்படிச் சொன்னவன்தான். சொல்லிக் கெட்டவன். கேளுங்கள்.

மூன்றாண்டுக்கு முன், யுத்த காலம். கடையிலே கேப்பையை அளந்து கொடுத்தார்கள். ஆனாலும் என்ன காலம் அது! ஒரே சுவர், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஜவுளிக்கடை அசன் முகம்மது. அவர் வீட்டுக் குழம்பு இங்கே வரும், என் வீட்டு முருங்கைக்காய் அங்கே போகும். இரண்டு பக்கமும் பப்பாளி நின்றது. அவர் மனைவி நூர்பானு இரண்டு துண்டு பப்பாளிக்காய் போட்டால் கிழட்டு ஆட்டுக்கறியும் பூவாய் வேகும். சோப்பு கிடைக்காத நாளில் அதன் இலையைக் கசக்கித்தானே வேட்டி வெளுத்தோம்? காயை எடுத்தோம், இலையை எடுத்தோம், பழத்தை மட்டும் காக்கைக்கு விட்டோம்!

என் மனைவி அன்னத்தாய் வாயும் வயிறுமானாள். எங்கள் தெரு வழக்கம் என்ன தெரியுமா? பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் பப்பாளி மரமே நிற்கக் கூடாது. எடுத்தேன் அரிவாளை! காயும் கனியுமாய் நின்ற மரத்தை வெட்டிச் சாய்த்தேன். படித்தவன் செய்த வேலை!

பிள்ளை பிறந்தான். இரண்டாம் மாதம் அவள் சொன்னாள்: "ஏங்க, பொழுது சாஞ்சா எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

ஒரு நாள் அந்தி மங்கலில், பிள்ளையும் கையுமாய் நீறு பூத்த தணல் கிடந்த அடுப்பை நோக்கியே நடந்துவிட்டாள். பாய்ந்து பிடித்தேன். அன்று நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டி கட்டிப் போனோம். நர்ஸம்மா ஞானரத்தினம் கண்ணைப் பார்த்தார்.

"மாலைக்கண்ணு சார். மாசமா இருக்கையில பப்பாளிக்காய் வேண்டாம்னு வச்சீங்க, சரி. பிள்ளை பெத்தவளுக்குப் பழம் என்ன பாவம் செஞ்சுது? கண்ணுக்கு வேண்டிய சத்து எம்புட்டு இருக்கு அதுல! கீரையும் பழமும் தெனம் குடுங்க. வீட்டுல மரம் நிக்குதா?"

நானே வெட்டிச் சாய்த்தேன் என்று எந்த வாயால் சொல்வேன்? ஆனாலும் சொன்னேன்.

செய்தி சுவர் தாண்டியது. வந்தாள் நூர்பானு. "என்னண்ணே, ஒரு வார்த்தை கேட்டாக் கொறஞ்சா போவீய? காக்கா திங்கிறத எங்க மதினி திங்கட்டுமே!"

அன்று முதல், நாள் தவறாமல் சுவருக்கு மேல் ஒரு கை வரும். கையிலே கனி வரும். மஞ்சள் கனி, மணக்கும் கனி, மருந்தான கனி! அன்னத்தாய் சாப்பிடுவாள். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

மூன்று வாரம் போனது. மேற்கு மலைக்குப் பின்னே வெயில் இறங்கிவிட்டது. விளக்கேற்றத் தீக்குச்சியை எடுத்தேன்.

"செத்த பொறுங்க," என்றாள் அன்னத்தாய். "விளக்கு வேண்டாம். புள்ள சிரிக்கான்."

எனக்குக் கை தட்டாதீர்கள். தட்டுவதென்றால் என் தங்கச்சி நூர்பானுவுக்குத் தட்டுங்கள்!

அன்புடையோரே, வீட்டுக்கு ஒரு பப்பாளி நடுங்கள். மலம் இளகப் பழம், கூட்டு வைக்கக் காய், கண்ணுக்குக் காவல். வீட்டில் பிள்ளைத்தாச்சி இருந்தால் காயை விலக்குங்கள், மரத்தை விட்டுவையுங்கள்.

நேரமாகிவிட்டது, பந்தலுக்குள் இருட்டுகிறது. அதோ தாய்மார் வரிசையில் அன்னத்தாய் இருக்கிறாள். கூட்டம் கலைந்ததும் யார் கையையும் பிடிக்காமல் அவளே வீட்டுக்கு நடந்து போவாள். இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. நீங்களும் பார்த்து, பத்திரமாய்ப் போய்ச் சேருங்கள். வணக்கம்.